பக்கத்து சீட் பெல்ட் விளக்கு

கார் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசர் வேலை என்பது, வண்டி சொல்வதை மனிதனுக்கும் மனிதன் சொல்வதை மெக்கானிக்குக்கும் எடுத்துச் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது.

டேஷ்போர்டில் ஏதோ ஒரு விளக்கு எரிந்து, அது என்னவென்று தெரியாமல், வண்டியோடு கொடுத்த கையேட்டைத் தேடினால் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கிடந்து, அப்படியே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். மஞ்சள் எரிந்தால் இந்த வாரமே கொண்டுவந்து காட்டுங்கள். பச்சையும் நீலமும் சும்மா தகவல். புனேயில் வாகட் பகுதியில் ஆறு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதைச் சொல்கிறேன். இந்தியில், அரைகுறை மராத்தியில், அதிர்ஷ்டம் இருந்தால் தமிழில்.

நான் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சாங்வியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். மனைவி வசந்திக்குக் கோயம்புத்தூரில் வங்கி வேலை. ஊர் மாற்றம் வேண்டுமென்றால் வருஷத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுக்கலாம். மகளுடைய படிப்பு முடியட்டும் என்று ஐந்து தடவை தள்ளிப்போட்டோம். போன வருஷம் மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், சாக்கு தீர்ந்துபோனது. டிசம்பர் கடைசிக்குள் வசந்தி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. "வா" என்று நானும் அதுவரை வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்டு, அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான், வேறென்ன. கீழே உள்ளவை எல்லாம் அந்த டிசம்பரில் நடந்தவை.

நீலத் தெர்மாமீட்டர்

ஒரு நாள் காலை ஏழரைக்கு ஒரு போன். சென்னையிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன ஐ.டி. இளைஞர், வாகட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கிலிருந்து பேசினார். தண்ணீருக்குள் தெர்மாமீட்டர் நிற்கிற மாதிரி நீல விளக்கு எரிகிறதாம். பயந்துபோய் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்கிறாராம், மறுபடி எரிகிறதாம். இப்படியே ஆறு தடவை. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. சூடாவதற்குள் அணைத்துக்கொண்டே இருந்தால் விளக்கு எங்கே அணையும்? புனே டிசம்பர் குளிருக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், அணைக்காமல் பொறுங்கள் என்றேன். "லைன்லயே இருங்க சார்" என்றார்.

இருந்தேன். இரண்டு பேரும் பேச விஷயம் இல்லாமல் ஒரு விளக்கு அணைவதற்காகக் காத்திருந்தோம். எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் என்னைக் கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான், மாதக் கணக்கில் வாசலுக்கு வரும் டப்பா சாப்பாடு. விளக்கு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் போனை வைக்கவில்லை. "சென்னையில இது தெருமுனை தாண்டுறதுக்குள்ள போயிடும்போல சார், கவனிச்சதே இல்ல. இந்த ஊர்ல எதுவுமே சூடாக நாளாகுது."

ஸ்டிக்கர் பொட்டு

கோந்த்வாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஹாரன் அடிக்கவில்லை என்று வண்டியைக் கொண்டுவந்தார். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு. சாமி படம் இருந்தாலாவது அர்த்தம் உண்டு, வெறும் பிளாஸ்டிக்குக்கு எதற்குப் பொட்டு? நகத்தால் பெயர்த்தேன். அடியில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

தீபாவளியிலிருந்து எரிகிறதாம். எங்கள் மெக்கானிக் ஷிண்டே தலையில் கை வைத்துக்கொண்டார். கண்ணில் படாவிட்டால் தொல்லையும் இல்லை என்பதுதான் அந்த அம்மாவின் சித்தாந்தம். அதைச் சிரித்துக்கொண்டே மராத்தியில் சொன்னார். நானும் சிரித்தேன், ஆனால் அன்றைக்கு முழுக்க அது காதைவிட்டுப் போகவில்லை. "திஸத் நாஹி, மக் த்ராஸ் நாஹி."

கோவையிலிருந்து போட்டோ

வசந்தி அங்கே எங்கள் பழைய காரை ஓட்டுகிறாள். ஏதாவது விளக்கு எரிந்தால் போட்டோ எடுத்து அனுப்புவாள். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டுச் சிவப்பாக எரிந்தால், "ஹேண்ட் பிரேக்க முழுசா எறக்கி உடு" என்பேன். "செரிங்க" என்பாள். பேட்டரி படம் வந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடும். ஆறு வருஷத்தில் எங்கள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அந்த அளவுக்கு வந்து நின்றிருந்தது. யாரும் சண்டை போடவில்லை. அதுதான் கொடுமை.

அந்த மாதம் எந்தப் போட்டோவும் வரவில்லை. பழைய வண்டி, எதுவும் எரியாமல் இருக்க வழியே இல்லை. மாதக் கடைசியோ நெருங்குகிறது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன். ஊர் மாற்றத்தைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டேன். ஆனால் வாயில் வந்தது, "வண்டியில ஏதாச்சு லைட் எரியுதா?" வசந்தி திருப்பிக் கேட்டாள். "லைட் எரிஞ்சாத்தான் பேசோணுமாங்க?"

காலி சீட்டுக்கு எதற்குப் பெல்ட்

பக்கத்து சீட்டில் எடை இருந்து பெல்ட் போடாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து, ஒரு நிமிஷத்துக்குக் கீச்கீச் என்று கத்தும். அது ஆளா, பையா என்று வண்டிக்குத் தெரியாது. தனியாக ஓட்டுகிறவர்கள் லேப்டாப் பையைப் பக்கத்தில் வைப்பார்கள்; கத்தும்; உடனே காலி சீட்டுக்குப் பெல்ட்டை மாட்டி அதன் வாயை அடைத்துவிடுவார்கள். அப்படி மாட்டிக்கொண்டு வந்த ஒருவரைப் பிடித்துவிட்டேன். முன்னே போன் செய்த அதே நீல விளக்குக்காரர்தான், சர்வீஸுக்கு வந்திருந்தார். நாளைக்கு உண்மையிலேயே ஒரு ஆள் வந்து அந்தப் பெல்ட் மேலேயே உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார். "பார்க்கிங்ல நீங்க வந்து நிறுத்தினப்ப உங்க வண்டியப் பார்த்தேன் சார். நீங்களும் அப்படித்தான் மாட்டியிருக்கீங்க."

வசந்தி வந்த இரண்டு நாள்

டிசம்பர் முடிவதற்குள் ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வசந்தி ரயிலேறி வந்தாள். ஆறு வருஷத்தில் அவள் புனேவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை; எப்போதும் நான்தான் ஊருக்குப் போவேன். ஸ்டேஷன் வாசலில் கார் கதவைத் திறந்தவள், பையோடு அப்படியே நின்றுவிட்டாள். காலி சீட்டில் பெல்ட் மாட்டியிருந்தது. வகுப்பு நடத்திய நான் அதைக் கழற்றி வைக்க மறந்துபோயிருந்தேன். "சாப்பாட்டுப் பை வெச்சா கத்துது" என்றேன். "எத்தன வருசமா மாட்டியிருக்குது?" என்றாள். வண்டி வாங்கினதிலிருந்து என்றேன். அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. தன் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினாள், அணைந்தது. என் வண்டியில் அந்த விளக்கு ஒரு மனுஷிக்காக எரிந்தது அன்றைக்குத்தான். நல்ல வேளை, டிராபிக் இருந்தது, ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு நாளும் அறையைக் கூட்டினாள், சமைத்தாள், மார்க்கெட் எங்கே, தன் வங்கிக்கு இங்கே கிளை எங்கே என்று கேட்டாள். ஊர் மாற்றத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. திரும்ப ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டபோது, இன்ஜினைக்கூட அணைக்காமல் சொல்லிவிட்டேன்: "எழுதிக் குடுத்துரு வசந்தி. தனியா இருக்க முடியல." இதை எடுத்துச் சொல்ல நடுவில் அட்வைசர் யாரும் கிடையாது, நானேதான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்துவதற்கு முன் குனிந்து என்னைப் பார்த்தாள். "நான் போனதீம் அந்தப் பெல்ட்டத் திருப்பி மாட்டாதீங்க."

எழுதிக் கொடுத்துவிட்டாள், உத்தரவுதான் இன்னும் வரவில்லை. அதுவரை சாங்வியிலிருந்து வாகட் வரை ஒரு சாப்பாட்டுப் பைக்காக அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே வருகிறது, சிவப்பு எரிந்தால் நிறுத்துங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போகிறேன்.