நகர்ந்துகொண்டே இருந்த மஞ்சள் கோடு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கேலக்ஸிகளை வகை பிரிப்பது என் வேலை. முதலில் வடிவம் பார்ப்போம்: சுருளா, வழவழப்பான முட்டையா? பிறகு நிறம். நீலம் என்றால் அங்கே இன்னும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. சிவப்பு என்றால் எல்லாம் கிழடு. கடைசியில் நிறமாலை. வெளிச்சத்தைப் பட்டையாக விரித்தால், எந்தப் பொருள் ஒளிர்கிறதோ அதன் கோடு அதற்குரிய இடத்தில் விழும். கோடு சிவப்புப் பக்கம் தள்ளியிருந்தால் அது நம்மைவிட்டு விலகிப் போகிறது. நீலப் பக்கம் என்றால் நம்மை நோக்கி வருகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைநோக்கியை இயக்குபவர் என் தங்கையின் கணவர். அன்றிரவு மேலே கோபுரத்தின் கூரைக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளே போகிறவர் கைபேசியைக் கீழேயே வைத்துவிட்டு, கோபுர அறையின் இரும்புக் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். ஒரு பொட்டு வெளிச்சம் நுழைந்தாலும் படம் கெட்டுவிடும்.

"பத்து நிமிஷம் மச்சான். என் டீயையும் சேர்த்துக் குடிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீயில் ஆடை படிந்தது. அவர் வரவில்லை.

மேலே ஏதோ சரிந்து விழுந்த சத்தம்... ஓடினேன். இரும்புக் கதவை உதைத்தேன், தோளால் முட்டினேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தீயணைப்பு வண்டி மலையேறி வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

மேசையில் அவர் கைபேசி அடித்தது. தங்கை.

"அண்ணா, சுகர் மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாமலே கிளம்பிட்டார். ஏதாவது சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்மா" என்றேன். சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருக்க வேண்டும்.

எனக்கு மிச்சமிருந்தது திரை மட்டும்தான். தொலைநோக்கி தானாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் டார்ச் அடித்தால் அந்த வெளிச்சமும் நிறமாலையில் விழும். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துவிடும். திரையையே வெறித்தேன்.

திரையில் முட்டை வடிவம். சிவப்பு. கிழட்டு கேலக்ஸி. அதில் பளிச்சென்ற கோடு எதுவும் இருக்கக்கூடாது.

இருந்தது.

ஒட்டிய இரட்டைக் கோடு, சோடியத்துக்கே உரியது. பழைய தெருவிளக்குகளுக்கு மஞ்சள் தருவது அதுதான். எங்களிடம் அப்படி ஒரு விளக்கே கிடையாது. அதைவிட, கோடு அதன் இடத்திலும் இல்லை. சிவப்புப் பக்கம், வெகுதூரம் தள்ளி...

விலகிப் போகிறது.

அடுத்த படம். கோடு தன் இடத்தை நோக்கிக் கொஞ்சம் வந்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

வேகம் குறைகிறது.

பிறகு... சரியாக அதன் இடத்தில்.

நின்றுவிட்டது.

மேலே தாழ்ப்பாள் விலகியது. க்ர்ரீச்...

சர்க்கரை டப்பாவோடு ஓடினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கும்மிருட்டு. மாப்பிள்ளை அறையின் மறுகோடியில், சாய்ந்த இரும்பு ஏணிக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தார். அங்கிருந்து தாழ்ப்பாள் எட்டவே எட்டாது.

மூச்சு இருந்தது.

சர்க்கரையை அவர் கன்னத்துக்குள் அடக்கினேன். ஏணியை நெம்பினேன். தூக்கிக்கொண்டு வந்து காரில் போட்டேன். பாதி வழியில்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"ஏன் மச்சான், கூப்பிடக் கூப்பிட விளக்கைப் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டே இருந்தீங்க?"

"எந்த விளக்கு?"

"மஞ்சள் விளக்கு. அந்தச் சின்ன ரூம்ல அவ்வளவு தூரம்... எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. அப்புறம் நின்னீங்க. தாழ்ப்பாளைத் திறந்தீங்க."

காரின் வேகத்தைக் கூட்டினேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். இப்போது லேசாக நொண்டுகிறார், அவ்வளவுதான். அந்த இரவின் படங்களை ஒரு வாரம் கழித்துத்தான் திறந்து பார்த்தேன். நாங்கள் கிளம்பிய பிறகும் தொலைநோக்கி நிற்கவில்லை. கடைசியாக ஒரு படம் எடுத்திருந்தது. எங்கள் கார் மலையிறங்கிக்கொண்டிருந்த நேரம்.

அதிலும் அந்த மஞ்சள் கோடு இருந்தது.

நீலப் பக்கத்தில்.