அஷ்டமி நவமி கழியட்டும் என்று

இந்த டாலஸ் நகரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால், உடம்புக்கு என்ன என்று முதலில் யாரும் கேட்பதில்லை. இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. சிதம்பரத்தில் என் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் படுக்க வைத்த பிறகுதான் பெயரையே கேட்டார்கள். அங்கேயும் கூட்டம் உண்டு, அழுக்கு உண்டு, எரிந்து விழும் நர்ஸ் உண்டு. ஆனால் அடுத்த மாதம் வா என்று யாரும் சொன்னதில்லை.

போன மாதம் எனக்கு வேலை போயிற்று. ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே வேலையோடு வைத்தியமும் போய்விடும். கம்பெனி கொடுத்த கார்டு மாதக் கடைசிவரைதான் செல்லும். அந்தக் கடைசி வாரத்தில்தான், குளிக்கும்போது என் மனைவி சுமதிக்கு மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. டாக்டர் கொடுத்த தேதியோ மறுமாதம் மூன்று. அதற்குள் நாங்களே தனியாக ஒரு பாலிசி எடுத்தாக வேண்டும். அலசி ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிப் பொத்தானை அமுக்கப் போகும் நேரத்தில் சிதம்பரத்திலிருந்து அத்தை போன் செய்தார். கட்டியைப் பற்றி அம்மாவிடம் சுமதி மூச்சு விடவில்லை. இன்சூரன்ஸ் எடுக்கிறோம் என்று மட்டும் சொன்னாள்.

"இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி மாப்ள. ரெண்டு நாளு பொறுத்துப் பண்ணுங்களேன்" என்றார் அத்தை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சுமதிக்கு உண்டு, அதுவும் அன்று அவள் பயந்து போயிருந்தாள். மஞ்சக்குப்பம் கடையிலிருந்து என் தம்பி வருடா வருடம் அனுப்பும் காலண்டர் எங்கள் சமையலறையில் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று கம்ப்யூட்டரை மூடினேன்.

முழுகித்தான் போயிற்று. நவமி கழிந்தபோது மாதமும் பிறந்துவிட்டது. இனி எடுத்தால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் பாலிசி செல்லுமாம். கெஞ்சலாம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் முன்னாடியே ஏன் எடுக்கவில்லை என்று போனை எடுத்த பெண் கேட்டாள். அந்த இரண்டும் நல்ல நாட்கள் இல்லை என்றேன். அடடா, உடம்பு சரியில்லையா, இப்போது தேவலையா என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தாள். தேதியை மட்டும் மாற்ற முடியாது என்றாள். கார்டு இல்லாமல் பார்ப்பதற்கு ஆஸ்பத்திரியில் கேட்ட முன்பணம் எங்கள் சக்திக்கு மீறியது. மூன்றாம் தேதியை ரத்து செய்தோம்.

"ஊருக்கே போயிடலாமாங்க? அங்க சீட்டு வாங்கிட்டு உக்காந்தா மத்தியானத்துக்குள்ள பாத்துடுவாங்க" என்றாள் சுமதி. பள்ளிக் கடைசி வருடத்தில் இருக்கும் மகளை யாரிடம் விடுவது? போனால் எந்த வேலையை நம்பித் திரும்புவது? பாழாய்ப்போன காலண்டரைக் கிழித்தெறியலாம் போல ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் அத்தை மறுபடி கூப்பிட்டார், எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று.

"முடிஞ்சிருச்சும்மா. நல்ல நாள்லதான் பண்ணோம்" என்றாள் சுமதி. ஒரு கை சிதம்பரத்தைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தது. இன்னொரு கை கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.