செல்விக்குச் சிறுநீர் ஏன் வரவில்லை

மணலி புதுநகர் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனியில் முதலுதவி அறை நர்சாக இருந்தேன். ஒரு நாள் மதியம், லைனில் வேலை செய்யும் செல்வியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள்.

"காலைலர்ந்து ஒண்ணுக்கே வர்ல சிஸ்டர். முட்டிகினு கீது, உக்காந்தா ஒரு சொட்டு வர்ல."

அடிவயிறு கல்லாக இருந்தது. சூப்பர்வைசர் பி.காம். படித்தவர், அதனால் "கேஸ் மாத்திரை போதும்" என்று வைத்தியம் சொன்னார். நான் வேனை எடுக்கச் சொன்னேன். மருத்துவமனையில் டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. வலி விட்டதும் செல்வி அழுதுவிட்டாள்.

பெண்களுக்கு இப்படி அடைபட, கிருமித் தொற்று, கல், கர்ப்பப்பைக் கட்டி, கர்ப்பப்பை இறக்கம், மலச்சிக்கல், சர்க்கரையால் தளர்ந்த நரம்பு என்று பல காரணம் இருக்கலாம் என்றார் டாக்டர். ஸ்கேனில் கட்டியோ கல்லோ இல்லை. மூன்று நாளாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்ட சளி மாத்திரை ஒரு காரணம். மணிக்கணக்காக அடக்கி வைத்தது இன்னொன்று.

அடக்காமல் என்ன செய்வாள்? முப்பது பெண்களுக்கு ஒரே டாய்லெட் டோக்கன். ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். கம்பெனிக்கு ஒழுக்கம் முக்கியம்.

ரிப்போர்ட்டில் இரண்டு காரணத்தையும் எழுதினேன். முதல் காரணத்தைப் படித்த மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மாத்திரைதான சிஸ்டர் காரணம்? டோக்கன் விஷயத்தை எடுத்துடுங்க. அது மெடிக்கல் இல்ல."

"நீங்க ஒரு வாரம் அந்த டோக்கன்ல போய்ட்டு வாங்க சார். அப்புறம் எடுத்துடறேன்."

அவர் போகவில்லை. அவர் ரூமில் அட்டாச்டு பாத்ரூம். ஆனாலும் சும்மா இருக்கவில்லை, நோட்டீஸ் ஒட்டினார்: 'ஊழியர்கள் சளி மாத்திரை சாப்பிட்டு வேலைக்கு வரக்கூடாது.' அக்கறைக்குக் குறைச்சலே இல்லை.

பத்து நாள் கழித்துச் செல்வி வந்தாள். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பேஜாரே இல்ல சிஸ்டர். ஷிப்டுல தண்ணியே குடிக்கிறதில்ல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இதற்கு முன் சிறுநீர் எரிச்சல் என்று அவள் இரண்டு முறை வந்திருக்கிறாள். இரண்டு முறையும் "தண்ணி நெறைய குடி" என்று சொல்லி அனுப்பிவைத்த மேதை நான்தான். குடித்துவிட்டு எங்கே போவாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து என் அறையை ஒட்டிய டாய்லெட்டைப் பூட்டவில்லை. முதலுதவி அறையில் கூட்டம் அதிகம் என்று எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். 'சிகிச்சை நடக்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன்.