பச்சைக் கோடும் என் கட்டுரையும்

மூலிகைச் சாறு பட்ட செல்களில் ஒரு புரதம் குறைகிறது என்று இரண்டு வருடங்களாக நம்பியிருந்தேன். கட்டுரையும் எழுதி முடித்தாயிற்று.

இந்தச் சோதனையில், எல்லா மாதிரியையும் சம அளவில் ஏற்றியிருக்கிறோம் என்று நிரூபிக்க, எதற்கும் மாறாத இன்னொரு புரதத்தையும் காட்ட வேண்டும். நான் அதை வேறொரு நாள், புரதங்களைப் பதிக்கும் வேறொரு மெல்லிய சவ்வுத் தாளில் தனியாக எடுத்து, கோடுகள் சமமாக, அழகாக வந்த படத்தைப் பக்கத்தில் வைத்துவிடுவேன். எங்கள் பாளையங்கோட்டை ஆய்வகத்தில் யாரும் கேட்டதில்லை.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் சக ஆய்வாளர் இசக்கியம்மாள்தான் கேட்டாள்.

"யக்கா, இப்பதான் புரதத்துல போய் ஒட்டிக்கிட்டு ஒளிருற ஆன்டிபாடி வந்துட்டுல்லா? உங்க புரதத்துக்குச் சிவப்பு, மாறாததுக்குப் பச்சை. ஒரே சவ்வுல ரெண்டையும் பாத்துருவோமே."

"பாரேன்" என்றேன், எரிச்சலோடு.

கருவியின் திரையில், கும்மிருட்டில் சிவப்புக் கோடுகள் எழுந்தன. சாறு பட்ட பக்கம் வழக்கம்போல் மங்கல். நான் சிரித்துக்கொண்டேன். அவள் பச்சையைத் திறந்தாள்.

"அங்கன பாருங்கக்கா" என்றாள் பைய. "பச்சையும்லா மங்குது."

அதே இடத்தில், அதே அளவுக்கு மங்கியிருந்தது. சாறு பட்டுப் பாதி செல்கள் செத்திருக்கின்றன. நான் ஒவ்வொரு முறையும் மொத்தப் புரதத்தை அளந்து பார்க்காமல், அந்த மாதிரியை மட்டும் குறைவாக ஏற்றியிருக்கிறேன். செல்லுக்குள் என் புரதம் குறையவே இல்லை.

அழுகை வரும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணுக்கே தெரியாத ஒன்று, இருட்டில் பச்சையாக எரிந்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கட்டுரையை அனுப்பவில்லை. அந்தப் படம் மட்டும் என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. நான் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான்.