கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து

பின்னேரம் நாலு இருபதுக்கு என் மகள் ஹனா கலர்ப் பென்சில் வாங்க ஒரு கடைக்குள் போனாள். பார்சலோனாவின் இந்தப் பகுதியில் கட்டடங்களின் மூலைகளெல்லாம் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும்; மூலைக்கடைகள் சிலவற்றுக்கு இரண்டு தெருவிலும் வாசல். நான் ஒரு வாசலில் காத்து நின்றேன். ஒன்பது வயதுப் பிள்ளை மற்ற வாசலால் வெளியே போய்விட்டாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நகரத்தின் மதில்களை இடித்தார்கள். உள்ளே, ஒடுங்கிய சந்துகளில் சனம் வாந்திபேதியால் செத்துக்கொண்டிருந்தது. எல்லா வீட்டுக்கும் காற்றும் வெயிலும் வரவேண்டும் என்று ஒரு பொறியியலாளர் நேர்த்தெருக்களைக் கீறினார். கடல்பக்கத்திலிருந்து மலையை நோக்கி ஏறும் தெருக்கள், முட்டுச்சந்து இல்லை. இதை வாசித்துத்தான் இங்கே வீடு எடுத்தேன். ஏனென்று ஊரிலுள்ள உங்களுக்குத் தெரியும். கல்முனையில் சுனாமி வந்த காலை என் தங்கச்சி ஓடிய ஒழுங்கை ஒரு மதிலில் முடிந்தது. நான் ஓடிய ஒழுங்கை பெரிய றோட்டில் ஏறியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹனாவுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒரே பாடம் சொன்னேன்: வழி தவறினால் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நேரே நட, வாப்பா பின்னால் வருவேன். ஊரென்றால் நாலு வீடு தாண்டுமுன் யாராவது வெளியே வந்து "நீ யார்ட புள்ள?" என்று மறித்துவிடுவார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. முடிவில்லாத தெருவில் பிள்ளை எந்த இடத்தில் நிற்பாள்?

சுற்றுத் தெருக்களில் தேடித் திரும்பி நான் மறித்த பொலிஸ்காரர், எந்த மூலையில் தவறவிட்டேன் என்று கேட்டார். பேக்கரி இருக்கிற மூலை என்றேன். அவர் சுற்றிக் கைகாட்டினார்: நாலு மூலை, மூன்று பேக்கரி. பிள்ளை எந்தப் பக்கம் போயிருப்பாள் என்று, "மார்? முந்தான்யா?" என்றார். கடல்பக்கமா, மலைப்பக்கமா? நாங்கள் கடல்பக்கம், வயல்பக்கம் என்பதுபோல இவர்களுக்கும் அதுதான் திசை. நான் "மார்" என்றேன். மகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் அந்த நேரம் என் நினைவில் இல்லை. அவர் வயர்லெஸ்ஸில் கடல்பக்கம் என்று அறிவித்தார். என் கால்கள் அதற்கு முன்னரே இறங்கத் தொடங்கியிருந்தன.

கடற்கரையில் அலை ஓரத்தில் ஹனாவின் மஞ்சள் புத்தகப்பையைத் தேடினேன். கொஞ்ச நேரத்தில் தேடியது அதையல்ல. தங்கச்சியின் நீலப் பாவாடையை.

ஆறு மணியளவில் மனைவி போன் எடுத்தாள்.

"எங்க நிக்கிறீங்க?"

"கடலடியில."

"அல்லாவே! அங்க என்னத்துக்கு? என்ன சொல்லிப் புள்ளய வளத்தீங்க? அவள் மேல, மலையடியில நிண்டிரிக்காள். மருந்துக்கடைப் பொம்புள மறிச்சி வெச்சி, அவளிட்ட நம்பர் கேட்டு எனக்குக் கோல் எடுத்தா. அசையாம அங்கேயே நில்லுங்க, கூட்டிட்டு வாறன்."

இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஹனா மணலுக்கு வரவில்லை. நடைபாதையில், கடலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். நான்தான் அவளிடம் ஏறிப் போனேன்.

"வாப்பா, நான் நீங்க சொன்ன மாதிரித்தான் நடந்தன்," என்றாள். "பின்னால வருவீங்க எண்டு திரும்பித் திரும்பிப் பாத்தன். நீங்க ஏன் இஞ்ச வந்தீங்க?"