நட்சத்திரத்துக்காகக் கீறிய படங்கள்

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்ததும் நான் கொஞ்ச நேரம் படுப்பேன். என் ஆறு வயது மகள் பக்கத்தில் இருந்து டேப்லெட்டில் விரலால் படம் கீறுவாள். ஒரு பஸ்ஸைக் கீறி, அதில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தொப்பி போட்டு, ஒரே படத்தோடு ஒரு மணித்தியாலம் இருப்பாள். இன்னும் கொஞ்சம் கூடப் படுக்கலாம் என்ற ஆசையில், ஒரு படத்துக்கு ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஐஸ்கிரீம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் பத்து நிமிடத்தில் பதினொரு படம் காட்டினாள். எல்லாம் வெறும் வட்டங்கள்.

"இது என்ன பிள்ளை?"

"சூரியன். ஸ்டாரைத் தாங்கோ அம்மா."

"இனி ஸ்டார் இல்லை. முந்தி மாதிரி ஆசைக்குக் கீறுங்கோ" என்றேன். அப்படியென்றால் எதற்குக் கீற வேண்டும் என்று டேனிஷில் கேட்டுவிட்டு, டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

அதை எடுத்து நானே ஒரு பூனையைக் கீறினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஆர் ஸ்டார் தருவினம்?"

"ஒருத்தரும் தரமாட்டினம்."

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். இரண்டு மாதமாகிவிட்டது, அவள் இன்னும் ஒரு கோடு கூடக் கீறவில்லை. இப்போது வேலையால் வந்து படுத்தாலும் எனக்குக் கண் மூடுவதில்லை.