மேகம் போட்ட பிறந்தநாள் படம்

எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"ம்மா, மூஞ்சிய வெள்ளையாக்காத. மச்சத்த எடுக்காத. எங்கண்ணனுக்குக் கல்யாண நாள் படம் ஒன்னு எடுத்தாங்க, பாத்தா யாரோ சினிமாக்காரன் மாரி இருக்கான். அண்ணியே யாருன்னு கேட்டாங்க."

"தொட மாட்டேன் அங்கிள்."

"நெத்தியில தழும்பு இருக்குல்ல? லோரிக் கதவு இடிச்சது. அதுவும் இருக்கட்டும்."

கோலா சிலாங்கூரில் நான் வைத்திருக்கும் படக்கடைக்கு இப்படிக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. பொதுவாக எல்லாவற்றையும் தொடச் சொல்வார்கள். இவர் வேலையில் இருந்த காலமெல்லாம் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போன லோரி ஓட்டுநர். எழுபது வயது நிறையப் போகிறது. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள், தேவாலயத்தில் நன்றி ஆராதனையும் மண்டபத்தில் மதிய விருந்தும் ஏற்பாடு செய்திருந்தாள். அழைப்பிதழுக்கு ஒரு படம் வேண்டும் என்று அப்பாவை என்னிடம் அனுப்பியிருந்தாள்.

சாம்பல் நிறத் துணியின் முன்னால் உட்காரவைத்து எடுத்தேன். வெள்ளைச் சட்டை, படிய வாரிய முடி, இறுக மூடிய வாய். நல்ல முகம். கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த முகத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

ஆனால் என் கணினியில் அப்போது புதிதாக, படத்தைத் திருத்தும் மென்பொருளோடு சேர்க்கிற பிளகின் ஒன்று வந்திருந்தது. தோலை மிருதுவாக்குவது, கண்ணைப் பளிச்சென்று காட்டுவது, மதியத்தை அந்தியாக்குவது, எண்ணெய் ஓவியம் போல ஆக்குவது என்று ஏற்கெனவே பல இருந்தன. இது வானம் மாற்றுவது. ஆளின் பின்னால் இருப்பதைத் தானே கண்டுபிடித்து வெட்டி எறிந்துவிட்டு, நாம் கேட்கிற வானத்தை வைத்துவிடும். அதோடு நிற்காது. அந்த வானத்தின் வெளிச்சம் ஆளின் முடியிலும் தோளிலும் விழுகிற மாதிரி செய்துவிடும். வாங்கிய நாளிலிருந்து அதைப் போட்டுப் பார்க்க ஒரு ஆள் கிடைக்க மாட்டாரா என்று காத்திருந்தேன். முகத்தைத் தொடாதே என்று சொன்னவர், முகத்தைச் சுற்றி இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

துணியை எடுத்தேன். நீல வானத்தை வைத்தேன். பஞ்சுப் பொதி மாதிரி வெண்மேகங்கள். இடது மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் ஒளிக்கதிர்கள். அதன் மேல் ஒளிரவைக்கும் ஃபில்டர் ஒன்று. ஓரங்கள் கடினமாகத் தெரிந்ததால் தோள்பட்டை மேகத்தோடு கரைகிற மாதிரி மென்மையாக்கினேன். மகள் அனுப்பிய வாசகத்தை மேலே வைத்தேன்: "எழுபது ஆண்டுகள் கர்த்தர் இவரை அருமையாக நடத்தி வந்தார்." ஆராதனை, விருந்து, நாள், இடம் எல்லாம் அடியில். மேகத்தை மறைக்கக் கூடாது என்பதற்காக அவற்றைச் சின்ன எழுத்தில் போட்டேன். வலது மூலை காலியாகத் தெரிந்ததால் ஒரு சிறிய சிலுவை.

மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அக்கா, செமயா இருக்கு! அப்படியே சொர்க்கம் மாரி இருக்கு லா!"

அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அவள் அந்தப் படத்தை வாட்ஸ்அப் புலனத்தில் இரண்டு குழுக்களுக்கு அனுப்பினாள். ஒன்று சொந்தக்காரர்கள் குழு. இன்னொன்று, மூடப்பட்ட பழைய தோட்டத்தில் ஒன்றாக இருந்தவர்களின் குழு. அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பா அம்மாவைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து காரில் கிளம்பிவிட்டாள்.

நம் குழுக்களில் சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை. முதலில் யாரோ ஒருவர் கூப்பிய கைகளையும் உடைந்த இதயத்தையும் போட்டார். அதைப் பார்த்த அடுத்தவர், "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் படத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அன்று வீட்டில் நடந்ததை அவருடைய மனைவி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பாதியில் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மீதியைச் சொல்வார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கலும்பாங்கிலிருந்து தங்கை கூப்பிட்டாளாம்.

"அக்கா... எப்பக்கா?"

"எது எப்ப?"

"அத்தான்..."

"அத்தான் பாசாருக்குப் போயிருக்காரு. மீன் வாங்க."

தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாங்க கெளம்பிட்டோம்க்கா. நீ ஒன்னும் பேசாத. உக்காந்து தண்ணி குடி," என்று சொல்லி வைத்துவிட்டாள். துக்கத்தில் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தாள்.

அடுத்து தேவாலயத்து ஆட்கள் ஒரு சிறிய லோரியில் மடக்கு நாற்காலிகளையும் கூடாரக் கம்பிகளையும் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்காரம்மாவிடம் எதையும் கேட்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அம்மாவோ, பிறந்தநாளுக்கு மகள் சொல்லியிருந்த நாற்காலிகள் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டன, அதுவும் மண்டபத்துக்குப் போகாமல் தவறி வீட்டுக்கு வந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டார். சரி, வந்தது வரட்டும் என்று, எங்கே போடவேண்டும் என்று கையைக் காட்டினார். அவருடைய மன உறுதியைப் பார்த்து அந்த ஆட்கள் அசந்துபோனார்கள்.

பாசாருக்குப் போயிருந்தவர் மோட்டார் சைக்கிளில் கெம்போங் மீனோடு திரும்பி வந்தபோது வாசலில் பாதிக் கூடாரம் நின்றிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ போய்விட்டார்கள், இடம் போதாமல் இந்தப் பக்கம் வரை போடுகிறார்கள் என்று நினைத்தாராம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, நாற்காலி விரித்துக்கொண்டிருந்தவரிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"யாரு லா?"

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, தான் விரித்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மதியத்துக்கு முன்னால் கலும்பாங் கார் வந்து சேர்ந்தது. எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். தங்கை தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். கேட்டைத் திறந்துவிட்டவர் அவரேதான். அவள் அப்படியே நின்றாள். பிறகு கைப்பையால் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"சாகலன்னா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அத்தான்?"

வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. மீன் போதவில்லை. யாரோ போய்ச் சோற்றுப் பொட்டலங்கள் வாங்கி வந்தார்கள். கூடாரத்தின் கீழ் அந்த நாற்காலிகளிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த நேரத்தில்தான் மகள் வந்து இறங்கி, கைப்பேசியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா! எங்கப்பா செத்துட்டாருன்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க!"

எனக்கு முதலில் தோன்றியது, ஒளிக்கதிரைக் கொஞ்சம் குறைத்திருக்கலாமோ என்பதுதான்.

சாப்பாடு முடிந்ததும் அவர் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வந்த இரங்கல்களை எல்லாம் ஒன்று விடாமல் படிக்கச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலானவற்றுக்குத் தலையாட்டினார். சிலவற்றுக்குக் கோபம் வந்தது. அவரோடு லோரி ஓட்டிய ஒருவர் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து மட்டும் போட்டிருந்தார்.

"கஞ்சப் பய. சாவுக்குமா மூனே எழுத்து?"

பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் பழைய தோட்டத்து மண்டோர். வெளிக்காட்டில் ஆட்களை மேய்த்த கங்காணி வேலை. தோட்டத்தை மூடி, தாமான் குடியிருப்பில் வீடு கொடுத்தபோது இருவருக்கும் அடுத்தடுத்த வீடு கிடைத்தது. வேலிக்கு மேல் நீண்ட ரம்புத்தான் கிளையை யார் வெட்டுவது என்று தொடங்கிய சண்டையில் பேச்சு நின்றுபோனது. மண்டோர் பின்னர் மகனோடு புக்கிட் பெலிம்பிங்குக்குக் குடிபோய்விட்டார். மரத்தையும் வெட்டியாயிற்று. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

அந்தப் பதிவில் மண்டோர் அழுதுகொண்டே பேசினார். "அவன கோவக்காரன்னு சொல்வாங்க. இல்ல. அந்தக் கெளைய நான்தான் வெட்டியிருக்கணும். எம்மகளுக்கு வலிப்பு வந்தப்ப, கொட்டுற மழையில, குலைய எல்லாம் ரோட்டோரம் கொட்டிட்டு, லோரியிலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். வேலை போயிருக்கும் அவனுக்கு. அதுக்கு நான் ஒரு வார்த்த நல்லதா சொன்னதில்ல..."

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

அதற்குள் மகள் குழுவில், "அப்பா நலமாக இருக்கிறார். இது பிறந்தநாள் அழைப்பு. கீழே எழுதியிருப்பதைப் படிக்கவும்," என்று போட்டுவிட்டாள். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அந்தக் கூட்டத்தில், நான்காவது தடவை கேட்பதற்காகத் தேடியபோது, குரல் பதிவு இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்றிருந்தது.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் அவர் வந்தார். மன்னிப்பு கேட்க நான் தயாராகவே இருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்காமல் கைப்பேசியை மேசையில் வைத்தார்.

"ம்மா, இத எடுத்துக் குடு."

"எத அங்கிள்?"

"அவன் பேசுனத."

"அது முடியாது அங்கிள். அனுப்பினவரு அழிச்சிட்டா அவ்வளவுதான்."

"வானத்தையே எங்கேருந்தோ கொண்டாந்து வக்கிற. இத எடுக்க முடியாதா?"

"இது படத்துக்கு மட்டுந்தான் அங்கிள்."

அவர் கைப்பேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் பேசுனான்," என்றார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "நான் செத்துருந்தா அழிச்சிருக்க மாட்டான் லா," என்றார்.

அழைப்பிதழை மாற்றினேன். மேகத்தை எடுத்துவிட்டு மகள் கேட்டபடி வண்ண பலூன்கள் வைத்தேன். பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் பிறந்தநாள் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் யாரும் அழவில்லை. அதே வாரத்தில் அறிமுகமில்லாத இரண்டு குடும்பங்கள் கடைக்கு வந்து, குழுவில் வந்த அந்த மேகப் படத்தைக் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்று கேட்டன. இரண்டும் உண்மையான சாவு. என் வானத்துக்கு ஒருவழியாகச் சரியான வேலை கிடைத்தது.

விருந்துக்குப் படம் எடுக்கப் போனேன். மண்டோர் வந்திருந்தார். பிறந்தநாள்காரரின் மனைவி செய்த ஏற்பாடோ என்னவோ, தன் கணவரின் மேசையில் மட்டும்தான் காலி நாற்காலி இருந்தது. இருவரும் சோற்றைப் பிசைந்தார்கள்.

"கறி உப்பு," என்றார் மண்டோர்.

"ஒனக்கு எப்பவுமே நாக்கு சரியில்ல."

மறுபடி கொஞ்ச நேரம் சாப்பாடு. பிறகு பிறந்தநாள்காரர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்னமோ வாய்ஸ் போட்டியாமே?"

"யாரு, நானா? பேரன் போன நோண்டியிருப்பான்."

"ஓ."

நான் கேமராவைத் தூக்கினேன். இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கு ஒரு திசையில் பார்த்தார்கள். அந்த ஒரு படம்தான் கிடைத்தது.

மகள் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு பேரும் சிரிக்கிற மாரி பண்ணிடுங்களேன்," என்றாள். அதற்கும் ஒரு பிளகின் இருக்கிறது. சிரிப்பு என்று ஒரு ஸ்லைடர். வலது பக்கம் தள்ளினால் போதும், உதடு விரிந்து பல் தெரியும். தள்ளினேன். இருவரும் சிரித்தார்கள். பல்லுக்கு அந்த மென்பொருள் எங்கே போனதோ தெரியவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே வரிசைப் பல்லைக் கொடுத்திருந்தது. வெள்ளைவெளேரென்று, ஒன்றுகூடக் குறையாமல்.

அவர் படங்களை வாங்க வந்தபோது அதுவும் திரையில் திறந்திருந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"யாரும்மா இது ரெண்டு பேரு? அண்ணன் தம்பியா?"

சொன்னேன். அவர் மறுபடியும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லாத வாயைத் திறந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கும் வரை சிரித்தார். என் கேமரா உள்ளே அலமாரியில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வருவதற்குள் முடிந்துவிடும் என்று தெரிந்ததால் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழிச்சிடறேன் அங்கிள். நீங்கதான் மூஞ்சியத் தொடக் கூடாதுன்னு..."

"அழிக்காத, அழிக்காத. இத ஒன்னு பெருசா கழுவிக் குடு. அவனுக்கு அனுப்பணும்."

"அவரு கோவிச்சுக்குவாரு அங்கிள்."

"ஆமா. போன் போட்டு நல்லா ஏசுவான்," என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏசட்டும்."